பழைய ரோல்ஸ் ராய்ஸில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: “இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறேன். 1976இல் செய்த ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ ஒன்று, சாதாரணப் புதுக் காரைவிடக் குறைந்த விலைக்கு வந்திருக்கிறது. ‘யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?’ என்று வீட்டில் தடுக்கிறார்கள். இவ்வளவு செலவு வைக்கும் வண்டியை ஏன் இத்தனை பேர் ஆசை ஆசையாக வைத்திருக்கிறார்கள்? எல்லாம் பெருமைக்குத்தானா?”

பெருமைக்கு வாங்குகிறவர்களும் உண்டு. அவர்களிடம் அந்த வண்டி நிலைப்பதில்லை. ஒரு கோடையில் நாலு கல்யாணத்துக்கு ஓட்டுவார்கள், வாசலில் நிறுத்திப் படம் எடுப்பார்கள், முதல் பெரிய பில் வந்ததும் விற்றுவிடுவார்கள். அடுத்து வாங்கியவரும் அதையே செய்வார். இப்படிப் பராமரிப்பே இல்லாமல் ஐந்தாறு கை மாறியவைதான் பெரும்பாலும் இன்று மலிவு விலையில் விளம்பரத்துக்கு வருகின்றன. நான் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு 1974 ஷேடோ வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு மற்றவர்களுடைய ஷேடோக்களில் கை கறுக்க வேலை பார்த்திருக்கிறேன். என்னை அதனோடு கட்டிப்போட்டது பானட்டின் முன்னால் நிற்கும் வெள்ளி நிறச் சிலை இல்லை. யார் கண்ணுக்கும் படாத இடங்களில் அந்த வண்டியைச் செய்தவர்கள் எடுத்துக்கொண்ட சிரத்தை. அதைச் சொல்ல வேண்டுமானால் வண்டியின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

1965 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் சில்வர் ஷேடோவைக் காட்டினார்கள். அதற்கு முன் வந்த சில்வர் கிளவுட் பழைய முறையில் செய்தது: கீழே தனிச் சேசிஸ், அதன் மேல் தனியாக ஒரு பாடி. ஷேடோவில் இரண்டும் ஒன்று. கூடு முழுவதும் ஒரே கட்டமைப்பாக ஆக்ஸ்ஃபோர்டு அருகே கௌலியில் உருவாகி, ரோல்ஸ் ராய்ஸின் குரூ ஆலைக்கு வந்து வண்டியாகும். கதவுகள், பானட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியம். தனிச் சேசிஸ் இல்லாத முறைக்கு ரோல்ஸ் ராய்ஸ் வந்தது அப்போதுதான் முதல் தடவை. ஜான் பிளாட்ச்லி வடிவமைத்த அந்த உடலைப் பக்கவாட்டில் பார்த்தால் ஆடம்பரமான ஒரு கோடுகூட இருக்காது. கிளவுடைவிட நீளமும் குறைவு, அகலமும் குறைவு. ஆனால் உள்ளே உட்கார இடம் அதிகம், டிக்கியும் பெரிது. வெளியே சுருக்கி உள்ளே பெருக்கிய அந்தக் கணக்கு எனக்கு இன்றும் வியப்புதான். 1965இல் பழைய வாடிக்கையாளர்கள் சிலர் இதைப் பார்த்து முகம் சுளித்திருப்பார்கள். ஐம்பது அறுபது வருடம் கழித்தும் கண்ணை உறுத்தாமல் இருப்பது அந்த அடக்கத்தால்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பிரேக்.

பானட்டைத் திறந்தால் V8 இன்ஜின். இரண்டு வரிசைச் சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இரண்டு சின்னப் பம்புகள் உட்கார்ந்திருக்கும். இன்ஜினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டுதான் அவற்றை இயக்குகிறது. அவை பிரேக் திரவத்தை அழுத்தி, இன்ஜினின் பக்கவாட்டில் உள்ள இரண்டு இரும்புக் குண்டுகளில் சேர்த்து வைக்கும். குண்டுக்குள் ஒரு ரப்பர் திரை. அதற்கு ஒருபக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் திரவம். திரவம் நிறைய நிறைய வாயு சுருங்கி, வில்லை இழுத்துப் பிடித்தது போல் நிற்கும். அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 2,500 பவுண்டு. உங்கள் கார் டயரில் இருப்பது 30 சொச்சம்தான். சிட்ரோயன் நிறுவனம் கண்ட ஏற்பாடு இது. ரோல்ஸ் ராய்ஸ் அதற்கு உரிமம் வாங்கித் தன் வண்டிக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது. வெளியாரின் யோசனை தன்னுடையதைவிடச் சிறந்தது என்று தெரிந்தபோது கௌரவம் பார்க்காமல் வாங்கியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நாம் பிரேக்கை மிதிக்கும்போது அந்த அழுத்தத்துக்கு வழி திறந்துவிடுகிறோம், அவ்வளவே. முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு காலிப்பர், அதாவது பிரேக் தட்டைப் பிடித்து இறுக்கும் கவ்வி; தனித்தனிச் சுற்று. ஒன்று பழுதானாலும் மற்றது நிறுத்தும். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, பெருவிரலை வைத்து அழுத்தினால் போதும் என்பது போல் நிற்கும். முதல் தடவை ஓட்டுகிறவர்கள் வழக்கமான பலத்தில் மிதித்துவிட்டுத் திடுக்கிடுவார்கள். ஒரு வாரத்தில் கால் தானாகவே கற்றுக்கொள்ளும்.

அதே திரவம்தான் வண்டியின் பின்பக்கத்தைச் சமமட்டத்தில் வைக்கிறது. பின்னால் மூன்று பேர் ஏறி, டிக்கியில் பெட்டிகளை வைத்தால் பின்பகுதி தணியும். சிறிது நேரத்தில் மெல்ல எழுந்து பழைய உயரத்துக்கு வரும். கதவு திறந்திருந்தாலோ கியர் நியூட்ரலில் இருந்தாலோ இந்த வேலை வேகமாக நடக்கும். வண்டி ஓடும்போது மெதுவாக நடக்கும், இல்லாவிட்டால் ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்குமே! இதை யோசித்த மனிதர் வரைபட அறையில் உட்கார்ந்து கணக்கு மட்டும் போட்டிருக்க மாட்டார். பாட்டி ஒருவர் பின்கதவைத் திறந்து ஏறுவதை மனக்கண்ணில் பார்த்திருப்பார்.

கியரும் இப்படித்தான். ஸ்டீயரிங் தண்டில் ஒரு மெல்லிய நெம்பு. அதற்கும் கியர்பெட்டிக்கும் நடுவே கம்பி இணைப்பு எதுவும் கிடையாது. நெம்பு ஒரு மின்சுவிட்ச், கியர்பெட்டியின் பக்கத்தில் இருக்கும் சிறு மோட்டார்தான் கியரை மாற்றுகிறது. கியர்பெட்டி அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த மூன்று வேக ஆட்டோமேட்டிக். அதுவும் இரவல்தான், ஆனால் அன்றைக்கு உலகத்தில் கிடைத்தவற்றில் அதைவிட மென்மையாக மாறியது இல்லை என்பேன்.

இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை. முழுக்க அலுமினியத்தில் வார்த்த V8. 1959இல் கிளவுடின் இரண்டாம் வரிசையில் அறிமுகமாகி, ஷேடோவில் முதலில் 6.2 லிட்டராகவும் 1970இலிருந்து 6.75 லிட்டராகவும் ஓடியது. அதே குடும்பத்து இன்ஜின் பலமுறை திருத்தப்பட்டு, அதே ஆலையில் தயாரான பென்ட்லி மல்சான் காரில் 2020 வரை உற்பத்தியில் இருந்தது. அறுபத்தோரு வருடம்! எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டால் அக்காலத்தில் நிறுவனம் எண் சொல்லாது, “போதுமான அளவு” என்று மட்டும் சொல்லும். ஓட்டிப் பார்த்தால் அது உண்மையென்று தெரியும். வேகமாகப் போகச் சொன்னால் போகும், ஆனால் அவசரப்படுத்தினால் அதற்குப் பிடிக்காது. வளைவுகளில் சாயும். ஸ்டீயரிங் விரல் நுனிக்கு இசையும், ஆனால் சாலையின் செய்தியைக் கைக்குச் சொல்லாது. 1977இல் வந்த ஷேடோ இரண்டாம் வரிசையில் ஸ்டீயரிங் அமைப்பை மாற்றி இதைப் பெரிதும் சரிசெய்தார்கள். நீங்கள் பார்க்கும் 1976 வண்டி அதற்கு முந்தையது; கருப்பு ரப்பர் பம்பர் வராத, குரோம் பம்பர் உள்ள அழகான வரிசை. ஓட்ட இரண்டாவது நல்லது, பார்க்க முதலாவது. நான் முதலாவதையே எடுத்தேன்.

உள்ளே உட்கார்ந்தால் முதலில் மூக்குக்குத்தான் தெரியும். கானலி நிறுவனத்துத் தோல், வால்நட் மரம், கம்பளி விரிப்பு மூன்றும் ஐம்பது வருடம் சேர்ந்து பழுத்த வாசனை. டேஷ்போர்டு மரத்தை உற்றுப் பாருங்கள். நடுவிலிருந்து இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்த பிம்பம் போல் வரிகள் பொருந்தும். ஒரே மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, அடுத்தடுத்த ஏடுகளைப் புத்தகத்தை விரிப்பதுபோல் விரித்து ஒட்டியதால் வந்தது அது. முன்னால் உள்ள ரேடியேட்டர் முகப்பும் கைவேலைதான். அதன் கோடுகளும் தளங்களும் நேராக இருப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் மிக லேசாகப் புடைத்திருக்கும். முழுக்க நேராகச் செய்திருந்தால் நம் கண்ணுக்கு உள்வாங்கியதாகத் தெரியும் என்பதால், பண்டைய கிரேக்கர்கள் கோயில் தூண்களில் செய்த உத்தியை இங்கே செய்தார்கள். வேலை தெரிந்த ஒருவர் தட்டி, ஒட்டி, கண்ணால் பார்த்து முடித்தது.

இந்த வண்டியை உருவாக்கிய நிறுவனம் நடுவழியில் திவாலானது. 1971 பிப்ரவரியில் ஆர்பி211 விமான இன்ஜினுக்கு ஆன செலவைத் தாங்க முடியாமல் ரோல்ஸ் ராய்ஸ் விழுந்தது. கார்ப் பிரிவு நல்ல நிலையில்தான் இருந்தது; அதைத் தனியாகப் பிரித்தார்கள், குரூவில் வேலை நிற்கவில்லை. இரண்டு வரிசையும் சேர்த்து 1980 வரை சுமார் 25,000 ஷேடோக்கள் வெளிவந்தன. இன்று அது மலிவாகக் கிடைப்பதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம், பழுது பார்க்கும் செலவு வண்டியின் விலையோடு சேர்ந்து இறங்கவில்லை.

அந்தச் செலவைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பிரேக் அமைப்பு முழுவதையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஹோஸ்கள், சீல்கள், காலிப்பர்கள், குண்டுகள் எல்லாம் புதுப்பித்தால் சில ஆயிரம் பவுண்டு ஆகும். பெட்ரோல் லிட்டருக்கு நாலு, ஐந்து கிலோமீட்டர். ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் செலவு குறையாது, கூடும். சீல்கள் காயும், திரவம் ஈரத்தை இழுக்கும், காலிப்பர் இறுகும். மாதத்துக்கு இரண்டு முறையாவது நன்றாகச் சூடேறும் வரை ஓட்ட வேண்டும்.

என் வண்டிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். நான் ஊரில் இல்லாத சமயம், அக்கம்பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஆண்டுச் சர்வீசுக்கு விட்டிருந்தேன். “சிட்ரோயன் அமைப்புதானே” என்று யாரோ ஒரு பையன் பச்சை நிறக் கனிம எண்ணெயை பிரேக் தொட்டியில் ஊற்றிவிட்டான். 1980இல் வந்த அடுத்த மாடலான சில்வர் ஸ்பிரிட்டுக்குக் கனிம எண்ணெய்தான். ஷேடோவுக்கு அது விஷம். ஷேடோவுக்கு ஆர்ஆர்363 என்ற தனித் திரவம் வேண்டும்; பம்புகள் தேயாமல் இருக்க அதில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். கனிம எண்ணெய் பட்ட ரப்பர் சீல்கள் ஊறி உப்பிப் போயின. பம்பு முதல் காலிப்பர் வரை எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதாயிற்று. நாலு மாதம் வண்டி கட்டையின் மேல் நின்றது. அன்றிலிருந்து தொட்டி மூடியின் மேல் என் கையெழுத்தில் ஒரு அட்டை தொங்குகிறது. சாதாரண மெக்கானிக் யாரிடமும் இந்த வண்டியை விடக்கூடாது என்பதை அதிக விலை கொடுத்துக் கற்றேன். நீங்கள் அந்த விலையைக் கொடுக்க வேண்டாம்.

ஆனால் அந்த நாலு மாதத்தில்தான் எனக்கு இந்த வண்டி முழுமையாகப் புரிந்தது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றித் துடைத்து மேசையில் வரிசையாக வைத்தபோது, திரும்பப் பொருத்த முடியாதபடி செய்த ஒன்றுகூட இல்லை. ஒட்டி மூடியது எதுவும் இல்லை. திருகு, நட்டு, வளையம் எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது, கையேட்டில் படம் இருக்கிறது. செய்தவர்கள், என்றோ ஒருநாள் வேறொருவர் இதைப் பிரிக்க வேண்டிவரும் என்று நினைத்தே செய்திருக்கிறார்கள். இன்றைய சொகுசு வண்டியில் ஒரு திரை பழுதானால் முழுப் பெட்டியை மாற்றச் சொல்கிறார்கள். பத்து வருடம் கழித்து அந்தப் பெட்டி கிடைக்காது. என் ஷேடோவுக்கு ஐம்பது வருடம் கழித்தும் சீல் கிடைக்கிறது. “ஏன் வைத்திருக்கிறார்கள்” என்ற உங்கள் கேள்விக்கு என் முதல் பதில் இதுதான்.

பாகங்கள் கிடைக்கும் கதையும் விசித்திரமானது. 1998இல் நிறுவனம் விற்பனைக்கு வந்தபோது குரூ ஆலையும் பென்ட்லியும் ஃபோக்ஸ்வாகனுக்குப் போயின. ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயரைக் காருக்கு வைக்கும் உரிமை பிஎம்டபிள்யூவுக்குப் போனது. 2003 முதல் ரோல்ஸ் ராய்ஸ் குட்வுட்டில் தயாராகிறது. குரூவில் பிறந்த பழைய ரோல்ஸ் ராய்ஸ்களுக்கு அசல் பாகம் தருவது இப்போது பென்ட்லி! இது தவிர, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் தனி வியாபாரிகள் நாடெங்கும் இருக்கிறார்கள். கதவுக் கைப்பிடி, கடிகாரம், சாம்பல் கிண்ணம் வரை கிடைக்கும்.

அதைவிடப் பெரிய செல்வம் மனிதர்கள். ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கம் 1957இல் தொடங்கியது. நார்த்தாம்ப்டன்ஷயரில் பாலர்ஸ்பரி என்ற கிராமத்தில் ஹண்ட் ஹவுஸ் என்ற வீடு அதன் தலைமையகம். உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். அங்கே வண்டியைப் பராமரிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகள் நடக்கின்றன. ஆலையிலிருந்து வந்த பழைய பதிவுகளும் அங்கே இருக்கின்றன. சேசிஸ் எண்ணைச் சொன்னால் அந்த வண்டி எந்த நிறத்தில் வெளியே போனது, முதலில் யார் வாங்கினார், என்னென்ன தனியாகக் கேட்டு வைத்துக்கொண்டார் என்று தெரிந்துகொள்ளலாம். என் வண்டி வெளியே வரும்போது கரும்பச்சை. நான் வாங்கும்போது வெள்ளை, கல்யாண வாடகைக்காக யாரோ அடித்தது. மூன்று வருடம் பணம் சேர்த்துப் பழைய பச்சைக்கே திருப்பினேன். முதல் முறை அந்த நிறத்தில் வெயிலில் பார்த்தபோது என் மனைவி பேசாமல் பக்கத்தில் வந்து நின்றாள். வாங்கும்போது என்னோடு ஒரு வாரம் சண்டை போட்டவள் அவள்.

உங்கள் வீட்டில் சொல்வதற்கு ஒன்றிரண்டு சாதகங்களும் உண்டு. பிரிட்டனில் 40 வயது கடந்த வண்டியைப் பழம்வண்டி வகுப்பில் பதிந்தால் சாலை வரி இல்லை. புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும் கட்டணமும் (ULEZ) இல்லை. பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டி என்றால் ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும் நான் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோகிறேன்; இரண்டு டன்னை நிறுத்தும் பிரேக்கை இன்னொரு கண் பார்ப்பது நல்லது. பெட்ரோல் மட்டும் எத்தனால் குறைவான ஈ5 ரகமாகப் போடுங்கள். ஈ10 பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும்.

இனி நீங்கள் பார்க்கப்போகும் வண்டி. பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ (sill) என்ற அடிவிளிம்பு, பின்சக்கர வளைவு, பின் ஸ்பிரிங் உட்காரும் இடம் இந்த மூன்றிலும் துருவைத் தேடுங்கள். தனிச் சேசிஸ் இல்லாத வண்டி என்பதால் அந்த ‘சில்’ போனால் முதுகெலும்பு போனது மாதிரி. அதற்கு ஆகும் வெல்டிங் செலவில் இன்னொரு ஷேடோ வாங்கலாம். இன்ஜின் பிளாக்கின் பக்கத்தில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். அவற்றில் கூலண்ட் கசிந்த தடம் தெரிந்தால், சிலிண்டர் உறைகளின் அடிச் சீல் போய்விட்டது என்று பொருள். சீல் மாற்ற இன்ஜினையே பிரிக்க வேண்டும். விலையைப் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

பிறகு பிரேக் சோதனை. இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சாவியைத் திருப்பி விளக்குகளை மட்டும் எரியவைத்து, பிரேக்கை ஒவ்வொரு முறையாக முழுக்க மிதித்து எண்ணுங்கள். பிரேக் அழுத்த எச்சரிக்கை விளக்குகள் இரண்டில் ஒன்று எத்தனையாவது மிதியில் எரிகிறது என்று பாருங்கள். குண்டுகள் நல்ல நிலையில் இருந்தால் நெடுநேரம் தாங்கும். பத்துக்குள் எரிந்தால் குண்டுகள் முடிந்தன. அது தீராத நோய் இல்லை, ஆனால் விலையில் கழிக்க வேண்டும். பிரேக் திரவம் கடைசியாக எப்போது மாற்றியது, ஹோஸ்கள் எப்போது மாற்றியது என்று பில்லோடு கேளுங்கள். பில் கட்டு தடிமனாக இருக்கும் வண்டியை, பளபளப்பான வண்டிக்கு மேலாக எடுங்கள். இரண்டாயிரம் மூவாயிரம் பவுண்டு கூடுதல் என்றாலும் சரி. வாங்கிய பிறகும் விலையில் மூன்றில் ஒரு பங்கை முதல் வருடத்துக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். அந்தப் பணம் இல்லையென்றால் இப்போது வேண்டாம், இன்னும் இரண்டு வருடம் சேருங்கள். ஷேடோக்கள் எங்கும் போய்விடாது.

கடைசியாக, உரிமையாளரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். வீட்டில் தடுக்கிறவர்களையும் அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவையுங்கள். கரடுமுரடான கிராமத்துச் சாலையாகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள்.

எந்த நாள் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொன்னால் நானும் வருகிறேன். டார்ச்சும் ஒரு பழைய பாயும் கொண்டுவருகிறேன். அடியில் படுத்துப் பார்க்க இரண்டு பேர் இருந்தால் வேலை சுலபம்.